ஓரடி

விதானையார் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார்.
“தேனீயை வண்டு எண்டெல்லோ எழுதியிருக்கிறா.”
இளம் பெடியன். யாழ்ப்பாணத்திலிருந்து
காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போகிறவர்.
நான் சிரிக்கவில்லை.

முறைப்பாடு நாலு.
கொடியில் காயும் உடுப்பில் மஞ்சள் பொட்டுகள்.
குழாயடியில் கூட்டம்.
மகனுக்கு ஒருமுறை காதில் கொட்டியது.
நாலாவது வேறு பேனையில்,
இடம் காணாமல் தாளின் ஓரத்தில் ஏறி:
வண்டுச் சத்தம். படுக்க ஏலாமல் கிடக்கு.

முதல் மூன்றும் உண்மை.
மஞ்சள் பொட்டு அதுகளின் பீ.
மழை விட்டு வெயில் எறிக்கும் நாளில்
எல்லாம் ஒன்றாய் வெளிக்கிட்டு
ஒன்றாய்ப் போகும், தவரூபியின் வெள்ளைச் சட்டைகளுக்கு மேலால்.
நாலாவதைத்தான் சோதித்தேன்.
இரவு பத்து மணிக்கு வேலியடியில் போய் நின்றேன்.
நாய். தவளை. ஏ-ஒன்பதில் லொறி.
யாரோ வீட்டில் தொலைக்காட்சியில் அழுகிற நாடகம்.
பெட்டியில் காதை ஒட்டினால்தான்
உலை கொதிக்க முந்தி வருகிற மாதிரி
ஒன்று.

தேன்பெட்டியை மூன்றடிக்குள் நகர்த்தலாம்,
இல்லையென்றால் மூன்று மைலுக்கு அப்பால்.
இடையில் எங்கே வைத்தாலும்
பூவுக்குப் போனது பழைய இடத்துக்கே வந்து
இல்லாத வாசலைத் தேடித் தேடி
நிலத்தில் விழும்.
மூன்று மைலுக்கு அப்பால் மைத்துனரின் வயல்,
இரணைமடுத் தண்ணீர், கிழமைக்கொரு மருந்தடி.
ஆகவே ஓரடி.

பொழுதுபட்டுக் கடைசிப் பூச்சியும் உள்ளே போனபின்
வாசலைப் பழஞ்சாரத் துணியால் அடைத்து
நானும் டிலக்சனும் தூக்கி
ஓரடி.
எறும்புக்குக் காலடியில் வைத்த ஒயில் ரின்களையும் பின்னால் நகர்த்தி.
டிலக்சன் ஹாட்வெயர் கடையில் என்னோடு நிற்கிறவன்,
ஓ.எல். முடித்த கையோடு வந்து சீமெந்து மூட்டை தூக்குகிறவன்.
“அண்ணை, இதுக்கா என்னைக் கூப்பிட்டனீங்கள்?”

காணியின் மற்ற மூலைக்கு நாற்பத்தொரு அடி.
நடுவில் கிணறு,
அதைச் சுற்ற இன்னும் ஒன்பது.
பன்னிரண்டாம் இரவு மழை, தூக்கவில்லை.
பதினெட்டாம் இரவு அவனுக்குக் கிரிக்கெட்.
தனியத் தூக்கி விரலை நசித்து
கழுத்தில் இரண்டு வாங்கினேன்.

காலையில் ஒவ்வொன்றும் வெளியே வந்து
திரும்பி, அந்தரத்தில் நின்று,
வாசலைப் பார்த்து இடம் வலமாய் ஆடி
முகவரியைப் பாடமாக்கும்.
இது எத்தனையாவது என்று கேட்காது.
பிறகு முருங்கைக்கு,
பிறகு அவவின் பூசணிக்கும்தான்.

இருபத்துமூன்றாம் இரவு, வைத்து நிமிர,
தவரூபி வேலியடியில் நின்றா.
எத்தனை நாளாய் அப்படி நின்றாவோ.
காமென்ற் அடையாள அட்டை இன்னும் கழுத்தில்.
“இன்னும் எத்தனை அடி?”
“இருபத்தெட்டு. மழை வராட்டி.”
“இப்பவும் கேட்குது,” என்றா.
கோபமாய் இல்லை,
அரிசி முடிஞ்சுது என்கிற மாதிரி.

நாங்கள் இரண்டு பேரும்
ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம்.
டிலக்சன் பெட்டியைப் பார்த்தான்.

“தெரியும்,” என்றேன்.

அவ கொடியில் கிடந்ததைத் தொட்டுப் பார்த்து
காய்ந்ததை மட்டும் உருவிக்கொண்டு உள்ளே போனா.
நான் அளவுநாடாவைச் சுருட்டினேன்.
சாரத் துணியை எடுக்க மறந்துபோய்
விடிய நாலரைக்கு நினைவு வந்து
செருப்பில்லாமல் ஓடிப்போய் இழுத்தேன்.
உள்ளே எல்லாம் முழிப்பு.